ரிஃபாத்தும் இன்ஷிராஹ் கடையின் பன் மெஷினும்

அலெக்சாந்திரியாவில் சீதி பிஷ்ர் பக்கம் பர்கர் கடை வைத்திருப்பவர்கள் கடவுளை நினைக்கிறார்களோ இல்லையோ, ரிஃபாத்தை நினைப்பார்கள். பன் வாட்டும் மெஷின் மேல்வாயில் விழுங்கிய பன்னைக் கீழ்வாயில் துப்ப மறுத்தால் அவனைத்தான் கூப்பிட வேண்டும். கப்பல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, அலை ஒத்துக்கொள்ளாமல் வாந்தியெடுத்தபடியே கற்ற தொழில். ஆள் குள்ளம், தொப்பை பெரிது. வாய் மட்டும் எந்தச் சர்வீஸும் இல்லாமல் ஓடும்.

அந்த வாய்க்கு ஏற்ற மூடி இன்ஷிராஹ். ஊதாரிக் கணவனை விவாகரத்து செய்து விரட்டிவிட்டு, பர்கர் கடையைத் தனியாக நடத்துகிறவள். ஊரில் எந்த மெஷினும் அவளுடையதைப் போல அடிக்கடி படுத்ததில்லை.

"வாங்க மெக்கானிக் உஸ்தா, நீங்க ரிப்பேர் பண்ணின லட்சணத்தப் பாருங்க," என்று ஒரு பன்னை அவன் மூக்கருகே நீட்டினாள். ஒரு பக்கம் கரி. மறுபக்கம் சோகை பிடித்த வெளுப்பு.

"மெஷின் என்ன பண்ணும் அம்மணி? உங்க மூஞ்சியப் பார்த்தே பாதி கருகிடுது."

"அப்படின்னா மொதல்ல நீங்கல்ல கருகியிருக்கணும்?"

கருகித்தான் போயிருந்தான். அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"நெஜத்தச் சொல்லுங்க. மறுபடி கூப்பிடணும்னே ஏதாவது திருகைத் தளர்த்தி வச்சிட்டுத்தானே போறீங்க?"

ரிஃபாத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானா? நீங்கதான் வேணும்னே கெடுத்து வைக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"நான் எதுக்குக் கெடுக்கணும்?"

"என்னைப் பாக்கத்தான்..."

இன்ஷிராஹ் விழுந்து விழுந்து சிரித்தாள். வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். காது சிவக்க, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறும்வரை யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றினான். சூட்டுத் தகட்டின்மேல் பன் ஒட்டாமலிருக்கப் போடும் வழவழப்பான தாள் சுருண்டு கிழிந்திருந்தது. அதில் மஞ்சளும் கறுப்புமாக ஏதோ பிசின். சுரண்டி முகர்ந்தான்.

"சீஸ்!" என்று கத்தினான்.

இருவரும் ஒரே சமயத்தில் சமையல்காரன் அத்வாவைப் பார்த்தார்கள். அவன் கல்லில் கிடந்த இறைச்சியை அவசரமாகத் திருப்பினான்.

"அக்கா, சீஸ் தனியா உருக நேரமாகுது... பன்னு மேலயே வச்சு உள்ள விட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும்னு..."

"கண்டதையும் தள்ளுறதுக்கு அது என்னடா, உன் வயிறா?" கருகின பன் அத்வாவின் நெற்றியில் பட்டுத் தெறித்தது.

ரிஃபாத் பிசினைச் சுரண்டி, சங்கிலியில் சிக்கிய துணுக்குகளைத் துடைத்து, புதுத் தாள் மாட்டினான். வேலை முடிய முடிய அவன் கை வேகம் குறைந்தது. நோய் பிடிபட்டுவிட்டது, இனி இந்தப் பக்கம் வர என்ன சாக்கு? இறுகிய திருகையே மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தான்.

"அது என்ன பாவம் பண்ணிச்சு? விடுங்க," என்றாள்.

மெஷினுக்குப் பின்னால் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டான். "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"கேக்குறது யாரு, நீங்களா மெஷினா? நிமிந்து பேசுங்க."

நிமிர்ந்தான். மூக்கு நுனியில் கரி. அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு வரிசையில் நின்றவர்களுக்கானது அல்ல.

"யோசிக்கிறேன். அதுக்குள்ள அந்த சென்ட்டக் கொறைங்க. வர்றவன் எல்லாம் தும்முறான்."

யோசனை மழைக்காலம்வரை நீண்டது. ஒருவழியாக நிக்காஹ் முடிந்தது.

இப்போது அவள் மெஷின் கெட்டால், "நம்ம மெஷின்தானே, நாளைக்குப் பாப்போம்," என்று தேநீரை உறிஞ்சுகிறான் ரிஃபாத். போன மாதம் அவன் கண்ணெதிரிலேயே ஊரின் இன்னொரு பகுதியான ஸ்மூஹாவிலிருந்து வேறொரு மெக்கானிக்கை வரவழைத்தாள். "கை சுத்தமான வேலை. வாயே தொறக்கல, தங்கமான மனுஷன்," என்று தெருவெல்லாம் சொல்லி முடித்தாள். அன்று பூராவும் ரிஃபாத் சாப்பிடவில்லை.