ப்ளைவீலைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

என் ஜீப்பின் செல்ப் ஸ்டார்ட்டர் கரகரவென்று அரைத்த அன்று, என் தங்கையின் கணவரைத் தெருவே கேட்கும்படி திட்டினேன். அவர் தன் அம்மாவுக்கு மூச்சிரைப்பு என்று ஒரே ஒரு நாள் வண்டியைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார். திருப்பிக் கொண்டுவந்து விட்ட மறுநாள் காலை சாவியைத் திருகினால் இந்தச் சத்தம். போன் போட்டு அவரைக் கீரப்பாளையம் பட்டறையிலிருந்து வரவழைத்தேன்.

“ஊரான் டிராக்டரெல்லாம் பிரிச்சு மேயுறீங்க. ஒரு ஜீப்ப ஸ்டார்ட் பண்ணத் தெரியல. ஓசி வண்டின்னா இப்பிடித்தான் ஓட்டுவீங்களா மாப்ள?”

மரியாதையில் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டினேன். காட்டுமன்னார்கோயிலில் எனக்கு உரக்கடை. அப்போது வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் விவசாயிகள். மாப்பிள்ளையோ டிராக்டர் மெக்கானிக். அவர் பிழைப்பே அவர்கள் கையில்தான் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் வாயை மூடியிருப்பேனா என்று தெரியாது.

அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். “ஞாயித்துக்கெழம வந்து கியர் பாக்ஸ எறக்கிப் பாக்குறேன் மச்சான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி வந்தார். இன்ஜினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். கியர் பாக்ஸை ஜாக்கி வைத்து இறக்கினோம். கிளச்சைக் கழற்றியதும் ப்ளைவீல் என்கிற கனத்த இரும்புச் சக்கரம் தெரிந்தது. அதன் விளிம்பைச் சுற்றி, செல்ப் கடித்துச் சுழற்றும் பல் ரிங்கில் ஒரு பக்கம் முழுக்கப் பொக்கையாகக் கிடந்தது. அவர் ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகி, மூச்சைப் பிடித்து ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தினார். கடைசி போல்ட்டை மட்டும் முழுக்கக் கழற்றாமல் நாலு மரை பிடியில் விட்டுவைத்தார். இல்லாவிட்டால் அத்தனை கனமும் நெஞ்சில் விழும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டி, அலுங்காமல் இறக்கி வெயிலுக்கு எடுத்துப் போனார். இந்தக் கையைத்தான் நான் வண்டி ஓட்டத் தெரியாத கை என்றேன்.

ப்ளைவீலை மூடியிருக்கும் இரும்புக் கூட்டை நான் பனியன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அடியில் எண்ணெயும் புழுதியும் சேறாகிக் கிடந்த இடத்தில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். தலை சிதைந்த ஒரு போல்ட்.

எனக்கு அது யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கிளச்சை நானே மாற்றினேன். எதற்கு மெக்கானிக் என்ற திமிர். மாட்டும்போது ஒரு போல்ட் கைதவறி விழுந்தது, எங்கே என்று தெரியவில்லை. பிரித்துப் போட்ட வண்டிக்குப் பூஜை போடக் கூடாது என்பார்கள். மறுநாள் காலை ராகு காலத்துக்கு முன்னால் பூசணிக்காய் உடைக்க வேண்டும். தேட எங்கே நேரம்? கடையில் வேறு ஒன்று வாங்கி முடுக்கி, கூட்டை மூடி, பொட்டு வைத்து, மாலையும் போட்டுவிட்டேன். சாமிக்கு முழு வண்டியாகக் காட்டிவிட்டேன்.

வெயிலிலிருந்து அவர் குரல் கொடுத்தார். “ஏதோ இரும்பு மாட்டி அரைச்சிருக்கு மச்சான். உள்ள எதுனா கெடக்கா பாருங்க.”

போல்ட் என் உள்ளங்கையில் இருந்தது.

“ஒண்ணும் இல்லயே மாப்ள” என்றேன். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவர் ப்ளைவீலின் பொக்கைப் பற்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார்: “அப்பன்னா நான்தான். அம்மாவுக்கு மூச்சு வாங்குன பதட்டத்துல, ஓடுற இன்ஜின்லயே செல்ப அடிச்சிருப்பேன்போல. நீங்க திட்டுனது நியாயந்தான் மச்சான். கடலூருக்கு எடுத்துட்டுப் போயி நானே ரிங்க மாத்தியாந்துடுறேன்.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே ஆள் தலையில் வைத்தவன் நான்தான். இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு இடித்தது. நானோ, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உபசாரம் செய்தேன். அவர் சாப்பிடவில்லை. ப்ளைவீலைச் சாக்கில் சுற்றி, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு போனார். இரண்டு நாளில் கொண்டுவந்து மாட்டியும் கொடுத்தார்.

அறுவடை முடிந்து, மாசியில் ஒரு விவசாயி கடைக்கு வந்தார். டிராக்டர் இன்ஜினைப் பிரிக்க வேண்டுமாம்.

“ஒங்க மாப்பிள்ளகிட்டதான் எப்பவும் உடுறது. அன்னிக்கி நீங்க திட்டுனப்ப நானும் இங்கதான் நின்னேன். அதான் ஒரு ரோசனையா இருக்கு. வண்டிய அவருகிட்ட உடலாமா?”

இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்காது. கடையில் வேறு யாரும் இல்லை. தப்பு என்னுடையது என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால், அன்றைக்கு நான் போட்ட கூச்சலையும் சேர்த்து விழுங்க வேண்டும்.

யூரியா மூட்டையைப் பார்த்துக்கொண்டு, “மனுஷன் நல்லவருதான்” என்றேன்.

அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். புரிந்தது என்பதுபோலத் தலையாட்டினார். டிராக்டர் சிதம்பரத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் போயிற்று.