கரும்புத் தோட்டத்தில் ஆள் வேண்டுமா

போன மாதம் ஒரு தோட்டக் கடையில், அழகுக்காக விற்கிற உயரமான புல் ஒன்றின் தண்டை ஒடித்து மென்றுகொண்டிருந்தபோது பிடிபட்டேன். பாதி நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக, வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கிற ஒரு மனிதன் வாயில் புல்லுடன் நிற்பதைக் கண்ட கடைக்காரப் பெண், உடம்புக்கு ஏதுமா என்று மரியாதையாகக் கேட்டாள். கரும்போ என்று பார்த்தேன் என்றேன். உண்மையைச் சொன்னால் ஜெர்மனியில் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னும் நம்புகிற ஆள் நான். அந்தப் புல்லை நானே வாங்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

இந்த வியாதி அப்பாவிடமிருந்து வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், எசன் நகருக்கு வெளியே பஸ் திரும்பிப் போகிற கடைசித் தரிப்பிடத்தில் ஓர் அகதிகள் விடுதி இருந்தது. அதை ஹைம் என்போம். அதில் ஓர் அறையில் அப்பா, அம்மா, நான். ஊரில், இலங்கையில், அப்பா கந்தளாய்ப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தவர். இங்கே அவருக்கு வேலை இல்லை. இருந்தும் விடிய எழும்பி, முகம் மழித்து, சப்பாத்தும் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். வெளியே யாரோ வாகனத்தோடு காத்திருப்பதுபோல.

"இஞ்சேருங்கோ, போக இடமில்லாட்டி படுக்கிறதுதானே" என்பார் அம்மா.

"பழகினா பிறகு எழும்ப ஏலாது" என்பார் அப்பா.

ஒரு பெப்ரவரி மாதம், பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "டேய், கரும்படா."

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பி நடந்தோம். ஆளை மறைக்கிற உயரத்தில் கணுக்கணுவாகத் தண்டுகள். காய்ந்த சோகை இலை காற்றுக்குச் சரசரத்தது. அப்பா ஒன்றை ஒடித்தார். கரும்பின் பருமன் அதில் இல்லை. "குளிருக்கு மெலிஞ்சுபோச்சு. எங்களைப் போலத்தான்" என்றார். மென்று பார்த்துவிட்டு, வெட்டுகிற காலம் தப்பிவிட்டதால் இனிப்பு வற்றிவிட்டது என்று தீர்ப்பும் சொன்னார். அடித்துண்டை எனக்குத் தந்தார். இனிப்பு அடியில்தான் நிற்குமாம்.

"இனிக்குதோ?"

"கொஞ்சம்."

பொய் இல்லை. எனக்கு உண்மையாகவே கொஞ்சம் இனித்தது.

வயல்காரர் டிராக்டரில் வந்தார். டாக்டரிடமும் உதவிப்பணம் தருகிற சோசியல் அலுவலகத்திலும் எங்கள் குடும்பத்தின் வாய் நான்தான் என்பதால் அப்பா என்னை முன்னால் தள்ளினார். "ஆள் வேணுமோ எண்டு கேள். உதோட பிறந்து வளர்ந்தவன் எண்டு சொல்லு."

அந்த மனிதர் நல்லவர். ஆள் வேண்டுமா என்று நான் கேட்டதை விட்டுவிட்டு, தன் பயிரைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கியிருந்தவர்போலப் பேசினார். விதை போடுவதில்லை, துண்டு வெட்டித்தான் நடுவது என்றார்.

"கரணை" என்றார் அப்பா.

ஒருதரம் நட்டால் போதும், வெட்ட வெட்ட வருசாவருசம் அடியிலிருந்து தானே கிளம்பும் என்றார் வயல்காரர்.

"மறுதாம்பு. கேட்டியா? மறுதாம்பு." என்றார் அப்பா.

முதல் வருசம் மட்டும் களை பிடுங்கினால் போதும், பிறகு தன் நிழலிலேயே களையை அமுக்கிவிடும் என்றார். அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் நான் நிற்கத் தேவையே இல்லைபோல இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக மொழிபெயர்த்த நாள் வேறில்லை.

"ஆலை எங்க எண்டு கேள். பிழிய எங்க கொண்டுபோறவை?"

வயல்காரருக்கு விளங்கவில்லை. இரண்டுதரம் கேட்டேன். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. இது கரும்பு இல்லை, ஆசியாப் பக்கத்துப் புல், இங்கே இப்போதுதான் நட்டுப் பார்க்கிறார்கள் என்று சொன்னார்.

"அப்பா, இது கரும்பில்லையாம். எரிச்சுச் சூடாக்கவும் குதிரைக்குக் கீழ விரிக்கவுமாம்" என்றேன். அத்தோடு நிறுத்தாமல், குதிரையைப் பார்க்க வரலாமா என்று என் பாட்டுக்கு ஜெர்மனில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னார்.

அப்பா கையை விடவில்லை. "டாங்கே ஷோன்" என்றார். பிறகும் "டாங்கே ஷோன்" என்றார். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் அந்த நன்றி ஒன்றுதான். மென்று துப்பாமல் வாயிலேயே வைத்திருந்த சக்கையை, வயல்காரர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கைக்குட்டையில் துப்பி மடித்துப் பைக்குள் வைத்தார்.

வழி முழுக்க நான் குதிரைகளைப் பற்றிப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா எழும்பவில்லை. திங்களும் எழும்பவில்லை. முகம் மழிப்பதும் நின்றது. சப்பாத்து கட்டிலுக்கடியில் போனது. பள்ளிக்கூடம் போகும்போது போர்வைக்குள் கிடக்கிற அவரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும். அப்பாவுக்கு ஒருவழியாக லீவு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வகுப்பில் அப்படியே சொல்லவும் செய்தேன்.

வயலுக்குப் போன அன்று பின்னேரம் அறைக்கு வந்து நான் நடந்ததையெல்லாம் ஒப்பித்தபோது, அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் அப்பாவிடம் சொன்னார்:

"அது கரும்பா இருந்தாலும் உங்களை வெட்ட விட்டிருக்க மாட்டாங்கள். வேலை செய்ய பெர்மிட் இல்லாத ஆளுக்குக் கரும்பென்ன, புல்லென்ன."