கப்பலேறிய வழுக்கு மேசைகள்

அவரை எல்லோரும் இழைப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் பலகை கிடைத்தால் கண்ணாடி மாதிரி ஆகும்வரை இழைத்துத் தள்ளும் தச்சர். போர் வந்ததும் மரம் வருவது நின்றது. அவர் வேலை செய்த கட்டில் கடையும் மூடிக்கொண்டது. வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடாகிவிட்டது.

அப்போதுதான், நிலக்கரி சுமந்துகொண்டிருந்த ஒரு கிழட்டு நீராவிக் கப்பலைப் படைவீரர்களை ஏற்றிப்போக ராணுவத்தார் எடுத்துக்கொண்டார்கள். அதில் சமையல்காரனாக இருந்தவன் இழைப்புளியின் மனைவியின் தம்பி; அவன்தான் அத்தானைப் பற்றிக் கேப்டனின் காதில் போட்டு வைத்தவன்.

"ஒரு பயணம் வரட்டும். வேலை பிடிச்சிருந்தா நிரந்தரம். இல்லேன்னா அடுத்த துறைமுகத்துல இறங்கிக்கட்டும்" என்றார் கேப்டன்.

சரக்கறையின் கரித்தூளைக் கழுவி வெள்ளையடித்த கையோடு, படுக்கைத் தட்டுகளும் நீள நீளமான சாப்பாட்டு மேசைகளும் செய்யும் வேலை இழைப்புளியிடம் வந்தது. கடலை அவர் கரையில் நின்று பார்த்ததோடு சரி. பெரிய வீட்டுக் கூடத்துக்குப் போகிற மேசை மாதிரி இழைத்து, எண்ணெய் பூசித் துடைத்து, தடவித் தடவிப் பூரித்துப் போனார்.

கப்பல் நடுக்கடலில் முதல்முறை சாய்ந்தபோது, தட்டுகள் அத்தனையும் புறப்பட்டு மேசையின் கோடிக்குப் போயின. அங்கே உட்கார்ந்திருந்தவன் மடியில் எல்லார் சாப்பாடும். மறுபக்கம் சாய்ந்ததும், மிச்சமிருந்தது எதிர்க்கோடிக்காரனுக்கு.

மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தான், கப்பல் மேசைன்னா ஓரத்துல சட்டம் அடிக்கணும், குறுக்கே தடுப்பு வைக்கணும். இதுகூடத் தெரியாதா?"

"நீ சொல்லியிருக்கலாமே."

"நான் சட்டியைப் பார்ப்பேனா, உங்களைப் பார்ப்பேனா?"

கேப்டன் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். இறக்கிவிட்டுவிடுவாரோ என்று இழைப்புளி சுத்தியலைத் தேடினார். துறைமுகம் வருவதற்குள் சட்டம் அடித்தாக வேண்டும். மிச்ச மரமோ கரையிலேயே கிடந்தது. தன் படுக்கைப் பலகைகளைக் கழற்றினார். போதாமல், கேட்காமலே மைத்துனனுடையதையும் கழற்றினார்.

"அக்கா முகத்துக்காகப் பார்க்கிறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு அவன் மாவு மூட்டைமேல் படுத்துக்கொண்டான்.

கடைசி மேசைக்கு வந்தபோது வீரர்கள் மறித்தார்கள்.

"அண்ணே, இதைத் தொடாதீங்க. பந்தயமே இதுலதான் ஓடுது. கப்பல் சாயும்போது யாரோட குவளை கடைசியா மறுகோடிக்கு வருதோ, அவன்தான் எல்லாப் பாத்திரமும் கழுவணும்."

போகிற இடத்தில் என்ன காத்திருக்கிறதென்று தெரியாத பிள்ளைகள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் சுத்தியல் எழவில்லை. கேப்டனை நினைத்தால் சும்மா இருக்கவும் முடியவில்லை. கடைசியில் கேப்டனிடமே போய், தலையைச் சொறிந்தபடி விஷயத்தைச் சொன்னார்.

"எங்கே, பார்ப்போம்" என்று இறங்கி வந்த கேப்டன், தன் குவளையையும் வரிசையில் வைத்தார். கப்பல் சாய்ந்தது. கேப்டனின் குவளை ஆடி அசைந்து கடைசியாக வந்து சேர்ந்தது.

கேப்டன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"வேடிக்கை பார்த்துட்டு நிக்காதீங்க தச்சரே. நிரந்தர ஆளுன்னா துடைக்கவும் கை கொடுக்கணும்."

போர் முடிந்து கப்பல் மறுபடி கரி சுமக்கப் போனபோதும், அதற்குத் தச்சர் அவர்தான்.