அக்காவுக்காகப் படித்த மனோவசியம்

எங்கள் ஒழுங்கை முடிவில் குண்டு விழுந்த அன்றே அக்காவுக்குப் பால் நின்றுபோனது. குழந்தைக்கு இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை, சில ஓடுகள் நொறுங்கியதோடு சரி. ஆனால் பங்கர்க் குழிக்குள்ளிருந்து ஏறி வந்த அக்கா குழந்தையை மார்போடு அணைத்தபோது அது இழுத்துப் பார்த்துவிட்டு வாயை எடுத்து வீரிட்டது. மறுநாளும் அப்படித்தான்.

"பயத்திலை அடைபட்டிருக்கு. மனம் ஆறினால் வரும்" என்று சொல்லி டொக்டர் அனுப்பிவிட்டார். மனத்தை ஆற்ற அவரிடம் மருந்து இல்லை. அந்த நாட்களில் தலையிடிக்கே மருந்து இல்லை. பால்மாவுக்குக் கரவெட்டி முழுக்க அலைந்து வெறுங்கையோடு வந்தேன். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தோம். வயிற்றால் போய்க் குழந்தை துவண்டது. அதன் தொடைத் தோல் சுருங்கத் தொடங்கிய பிறகு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதைக் குளிப்பாட்டினார். அத்தான் கொழும்பில். பாதை பூட்டியிருந்தது.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று தெரியாமல் இருந்தேன். சும்மா இருக்கத் தெரியாதவள். தையல், சுருக்கெழுத்து, ஜேர்மன் பாஷை என்று எல்லாவற்றிலும் பாதி படித்திருந்தேன். அந்த வரிசையில் அப்போது மனோவசியம். வெளிநாடு போனவர்கள் விட்டுச்சென்ற புத்தகங்களை விற்கும் கடையொன்றில் ஓர் ஆங்கிலப் புத்தகமும் கூடவே ஒரு கசெற்றும் அகப்பட்டிருந்தன. அதுவரை அது எனக்கு விளையாட்டு. டொக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு வெறியாகிவிட்டது.

கரண்ட் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்துதான் கசெற் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சினேகிதி சுற்றுவாள், நான் காதைக் கொடுத்து எழுதுவேன். உடம்பைத் தளர்த்துங்கள், உங்களுக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை என்று கசெற்றில் பேசும் வெள்ளைக்காரர் சொல்லும்போது அவளுக்கு வேர்த்து ஊற்றும்.

"எடியே, உந்த மனிசன் என்னைத் தவிர எல்லாரையும் ஆறுதலா இருக்கச் சொல்லுறான். வந்து நீ சுத்து, நான் தளருறன்."

அவள் கை சோரும்போது கசெற் குரலும் தடித்து இழுபடும். அதுதான் இந்தத் தொழிலின் இரகசியம் என்று நம்பி, நானும் அப்படியே இழுத்துப் பேசப் பழகினேன்.

ஒரு பின்னேரம் அக்காவைச் சாய்மனைக் கதிரையில் இருத்தினேன்.

"அக்...கா... கண்...ணை மூடுங்கோ..."

"என்னடி, பேய் பிடிச்ச மாதிரி இழுக்கிறாய்? சாதாரணமாக் கதை."

சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள். சாதாரணமாகவே சொன்னேன். நெற்றி தளர்ந்தது. தோள் இறங்கியது. எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே நடந்தது. அடுத்து வருவது படிகள்.

"இப்ப உங்களுக்கு முன்னாலை படி இருக்கு. மெல்லக் கீழை இறங்குறியள். கீழை நல்ல குளிர்ச்சி. ஒரு சத்தமும் இல்லை. பத்திரமான இடம்..."

அக்காவின் விரல்கள் கதிரைச் சட்டத்தை இறுக்கின. மூச்சு இரைத்தது. திடுக்கிட்டு எழும்பி, ஏணையில் கிடந்த குழந்தையை வாரிக்கொண்டு வளவுக்குள் ஓடினாள். பங்கர் வாசலில்தான் நின்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாடி இல்லாத எங்கள் வீட்டில் கீழே இறங்குகிற படி என்று இருந்தது ஒன்றுதான். மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட அந்தக் கிடங்குக்கு நாங்களே வெட்டிய படி.

"உன்ரை படிப்பாலை அவளுக்கு இருக்கிற துளித் தெம்பும் போகப்போகுது. விடு பிள்ளை, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றார் அம்மா.

நான் விடவில்லை. வேறு என்ன இருந்தது, விட்டுவிட்டுச் செய்ய? படிகளை நீக்கிவிட்டுப் புத்தகத்தில் இருந்த மற்ற இடங்களை ஒவ்வொன்றாக அக்காவிடம் கேட்டேன்.

"கடற்கரை?"

"கடலிலையிருந்துதானேடி ஷெல் அடிக்கிறாங்கள்."

"தோட்டம்?"

"வெளியாலை நிண்டால் மேலையிருந்து தெரியும்."

"கோயில்?"

அவள் ஏணையிலிருந்து குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு களைத்த குரலில், "இடம் ஒண்டும் வேண்டாமடி. இவள் என்ரை கையிலை கிடக்கிறாள். இதைச் சொல்லு" என்றாள்.

அதைச் சொன்னேன். கை பாரமாக இருக்கிறது, சூடாக இருக்கிறது, அந்தச் சூடு தோளுக்கு ஏறுகிறது. வெளியே எந்தச் சத்தம் வந்தாலும் அது தூரத்தில், அது உங்களை ஒன்றும் செய்யாது. புத்தகம் அப்படித்தான் சொல்லச் சொன்னது. நாள்தோறும் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை சத்தம் போட்டு அழுவதை நிறுத்திவிட்டது. அழுகிறபடி முகம் கோணும், குரல் வராது. அதைப் பார்ப்பதைவிட முந்தைய வீரிடல் எவ்வளவோ மேல்.

பிறகொரு பின்னேரம், நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது குழந்தை ஒரு மார்பில் கிடக்க, அக்காவின் சட்டையில் மற்றப் பக்கம் ஈரம் படர்ந்தது. குழந்தையின் தொண்டை அசைந்தது. விழுங்குகிற சத்தம், சின்னதாக. குசினி வாசலில் அம்மா கையில் அகப்பையோடு அசையாமல் நின்றார். மூச்சு விடவும் பயந்து நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வானத்தில் பொம்மர் இரைந்தது.

"பிள்ளையள், பங்கருக்கை வாங்கோ!" அகப்பையைப் போட்டுவிட்டு அம்மா ஓடினார். அக்கா அசையவில்லை. சத்தம் ஒன்றும் செய்யாது என்று நான் சொன்னதில் கட்டுண்டு கிடக்கிறாளா? அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அக்கா, எழும்புங்கோ! நான் சொன்னதெல்லாத்தையும் விடுங்கோ. பொம்மர் வருது!"

கண்ணைத் திறக்காமலே, தெளிவான குரலில் சொன்னாள்: "எனக்குக் கேக்குதடி. எழும்பினால் நிண்டிடும். இப்பதான் வருது. நீ ஓடு."

பங்கர் வாசலிலிருந்து அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிக் கூப்பிட்டார். நான் ஓடவில்லை. அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். எங்கோ முதலாவது குண்டு விழுந்தது. வீடு குலுங்கி, ஓட்டிலிருந்து தூசி குழந்தையின் தலையில் கொட்டியது. அக்காவின் தோள்கள் மேலே ஏறின. குழந்தை வாயை எடுத்துவிட்டு முகத்தைக் கோணியது.

"கதை" என்றாள் அக்கா, தூசியைத் துடைத்து அதை மறுபடி அணைத்தபடி. "நிப்பாட்டாதை, கதை."

கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். "கை பாரமா இருக்கு" என்றேன். "சூடா இருக்கு. சூடு தோளுக்கு ஏறுது..."