கை தூக்கத் தாமதித்த பத்து நிமிடம்

என் கணவருக்குக் கைட் சர்ஃபிங் பைத்தியம். பெரிய பட்டத்தின் கயிறுகளை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பலகையோடு அலைமேல் ஓடுவார். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால், சனிக்கிழமைகளில் எங்கள் ஊரான குளுவாங்கிலிருந்து மெர்சிங் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம்.

அவர் கடலில் இருப்பார். நான் கரையில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பேன். பட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு முதுகுக்குப் பின்னால் எழும் மேகம் தெரியாது. நான் இரண்டு கையையும் தூக்கினால் கேள்வி கேட்காமல் கரையேற வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு.

ஒரு சனிக்கிழமை கையைத் தூக்கினேன், அவரும் கரையேறினார். வந்த மேகம் வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. "ஒரு சொட்டு மழைகூட விழலையே," என்று வீடு வரைக்கும் சொல்லிச் சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்த வாரம் கடலுக்கு மேல் மறுபடி ஒரு மேகம். அதன் அடிப்பாகம் நேர்கோடாக, கன்னங்கரேலென்று இருந்தது. அதற்குக் கீழே தூரத்துத் தீவு மங்கி, பிறகு காணாமலே போனது. கைப்பேசியில் வானிலை பார்த்தேன், மாலை வரை இதே காற்றுதான் என்றது. அவரைப் போலவே கடலில் இருந்த வேறு இருவர் கரையேறிப் பட்டத்தை இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதே எழுந்திருக்க வேண்டும். போன வாரச் சிரிப்பு காதில் இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

முகத்தில் சில்லென்று ஒரு காற்று பட்டதும்தான் கையைத் தூக்கினேன். அவர் பார்த்துவிட்டார், உடனே திரும்பினார். கரையை நெருங்கும்போது காற்று சட்டென்று அடங்கியது. பட்டம் துவண்டு தண்ணீரில் விழுந்தது. அவர் மார்பளவு நீரில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கடல் நுரைத்து வெள்ளையாகிக்கொண்டே வந்தது.

"கழட்டுங்க. பட்டத்தக் கழட்டி விடுங்க," என்று கத்தினேன்.

காற்று வந்து அறைந்தது. விழுந்து கிடந்த பட்டம் எழும்பி அவரைத் தூக்கியது. மணலில் போட்டு, சவுக்கு மரங்களை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. மரத்துக்குச் சில அடி இருக்கையில் இடுப்புப் பட்டையின் பிடியை இழுத்து விடுவித்துவிட்டார். பட்டம் மட்டும் கிளைகளில் போய்க் கிழிந்தது. மழையில் நான் ஓடிப் போனபோது மல்லாந்து கிடந்தார். தோள் ஒரு பக்கம் தொங்கியது.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு கேட்டார். "நீ எப்போ மேகத்தப் பாத்தே?"

"கை தூக்குறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே பாத்துட்டேங்க."

"நான் அன்னிக்கு அப்படிச் சிரிச்சிருக்கக்கூடாது," என்றார்.

எலும்பு கூடியதும் மறுபடி கடலில் இறங்கிவிட்டார். நானும் கூடவே போகிறேன். வெயில் நேரத்தில் காற்று திடீரென்று அடங்கினால் கரையில் இருப்பவர்கள் எரிச்சலோடு உட்கார்ந்துகொள்வார்கள். அன்றும் வந்து அறைவதற்கு முன் காற்று இப்படித்தான் அடங்கியது. எழுந்து நின்றுவிடுவேன்.