மூணு விரலுக்கு எட்டுற கீபோர்டு

எங்க தோட்டத்து மரவள்ளிக்கிழங்கு சீவுற மெஷின்ல இடது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் போய் நாலு மாசம் ஆகுது. வீட்டு பிளான் வரையறதுதான் என் வேலை. வலது கை மவுஸ்ல, இடது கை கீபோர்டுல.

இன்னிக்கு எங்க ஊரு சோளக்காடு ஸ்டாப்புல பஸ் ஏறி, நாமக்கல்ல ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்கார அம்மா என் கையைப் பார்த்தாங்க. "ஒவ்வொண்ணா மாட்டித் தாரேன் கண்ணு. வரைஞ்சு பார்த்தே எடு."

மூணு கீபோர்டுல, வரையறப்போ கோட்டுக்குக் கோடு அழுத்த வேண்டிய எஸ்கேப் கீ விரலுக்கு எட்டல. நாலாவது சின்னது, மெத்துனு அழுந்துச்சு. அதுல ஒரு சமையலறையை முழுசா வரைஞ்சு முடிச்சேன்.

"பழைய வேகம் வருதா?"

"இல்லீங்க. ஆனா சுவரெல்லாம் நேரா நிக்குதுங்க."

அதையே வாங்கிட்டேன். நாளைக்கு ஆபீஸ் போறேன்.

பிளான் வரையறவங்க சொல்லுங்க, நீங்க எஸ்கேப்பை எந்த விரலால அழுத்துறீங்க? எனக்கு யோசிக்க விரல் அதிகம் பாக்கி இல்லை.