ரங்கூனில் விழுந்த குண்டு

மணவாள நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மறுபாதிக்கு, அறுபதுகளின் நடுவில், பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. புருஷன் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். மனைவி சாயங்காலத்தில் திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம் அத்தோ விற்றாள். நூடுல்ஸில் புளியும் வறுத்த பூண்டும் போட்டுப் பிசையும் பர்மாக்காரர் பண்டம் அது. கடைக்குக் கிளம்பும் முன் எங்களுக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுப் போவாள். என் கணவருக்கு அதில் அத்தனை பிரியம்.

அவர் இளவயதில் வெள்ளைக்காரன் விமானப்படையில் இருந்தவர். வங்காளத்தில் ஒரு விமானத்தளத்தில் குண்டு ஏற்றுகிற வேலை. அவர் அதைப் பேசமாட்டார். வருகிறவர்களிடமெல்லாம் பட்டாளத்துக்காரர் என்று பெருமையடித்துக்கொண்டது நான்தான். அவளிடமும் அடித்துக்கொண்டேன்.

அதைக் கேட்டுத்தான் அவள் சொன்னாள். "எங்க பெரிய பொண்ணு ரங்கூன்லயே போயிட்டாக்கா. ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப தப்பிச்சிக்கினோம். அப்பால அவனத் துரத்த வெள்ளக்காரன் ப்ளேன் வந்துச்சே, அதுல செத்துட்டா. எங்க ஊடு ரயில் ஸ்டேஷன்கிட்ட."

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த என் கணவர் நிமிரவேயில்லை.

அன்றிலிருந்து அவர் அவள் கொடுத்ததைத் தொடவில்லை. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, நன்றாயிருந்தது என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவந்தேன். ஒருநாள் அவளே உள்ளே வந்தாள். அவர் எதிரில் கிண்ணம் அப்படியே ஆறிக் கிடந்தது.

"இன்னாக்கா, எங்க கை சாப்பாடு அண்ணனுக்கு ஆவலையா?"

"வயிறு சரியில்லம்மா" என்றேன்.

"பொய் சொல்லாத" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் அவர். பிறகு அவளிடம் திரும்பினார். "ரங்கூனுக்குப் போன ப்ளேனுக்குக் குண்டு ஏத்தினவங்கள்ல நானும் ஒருத்தன்மா."

எனக்குப் பதறிவிட்டது. "யுத்தம்னா அப்பிடித்தானேம்மா. மேல இருக்கறவன் சொன்னத செஞ்சாரு. ஸ்டேஷன் மேல போடத்தான் அனுப்பினாங்க" என்று அடுக்கினேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அப்படிப் பேசினேன் என்பதை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

"கீழ ஜனங்க இருக்கறது உனக்குத் தெரியுமாண்ணா?"

தெரியாது என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது.

"தெரியும். ஊருதானே அது" என்றார்.

"அன்னிக்கி ப்ளேன் சத்தம் கேட்டதும் எங்களுக்கு சந்தோசம். நம்மாளுங்க வந்துட்டாங்கன்னு அந்தப் பொண்ணத்தான் தூக்கிக் காட்டினேன்" என்றாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பிறகு எங்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை. சண்டையும் போடவில்லை. குழாயடியில் பார்த்தால் என்னிடம் இரண்டு வார்த்தை பேசுவாள். அவர் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவரும் அவள் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புருஷனுக்கு வேறு வேலை கிடைத்து அவர்கள் காலிசெய்தபோது, அவள் என்னிடம் மட்டும் சொல்லிக்கொள்ள வந்தாள்.

"அண்ணன் சொல்லாமலே இருந்திருக்கலாம்க்கா" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன். தலையாட்டியதை அவரிடம் சொல்லவில்லை.